ஒரே கடைக்கு திரும்பத் திரும்ப போவது ஏன்? கள்ளுக்கடை பெஞ்ச் முதல் டாஸ்மாக் பார் வரை

சேலம்,

வேலை முடிந்து சம்பளம் கைக்கு வந்ததும் சிலருக்கு கால்கள் தானாகவே ஒரு பக்கம் திரும்பும். தறிப்பட்டறை ஆளாக இருந்தாலும் சரி, லாரி பாடி கட்டும் பட்டறை ஆளாக இருந்தாலும் சரி, கோழிப்பண்ணை ஆளாக இருந்தாலும் சரி. வழக்கமாக போகும் கடை ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு கடை மாற்றும் 'குடிமகன்கள்' குறைவு.

ஏன் அந்த ஒரு கடை? சரக்குக்காக என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அதே சரக்கு, அதே விலைக்கு எல்லா டாஸ்மாக் கடையிலும்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த ஆளை மறுபடியும் மறுபடியும் அங்கே இழுப்பது எது?

இந்த கேள்விக்கும் சேலம் மாவட்டத்துக்கும் ரொம்ப பழைய சம்பந்தம் உண்டு. 1937-லேயே ஒரு அரசாங்கம் இங்கே வந்து இதற்கு விடை தேடியிருக்கிறது.

சேலத்தில் முதல் பூட்டு

1937-ம் ஆண்டு ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாண பிரதமர் ஆனார். அப்போது முதல்-மந்திரி பதவிக்கு அதுதான் பெயர். அடுத்த 3 மாதத்துக்குள், அதாவது 1937 அக்டோபர் 1-ந் தேதி, மாகாணத்திலேயே முதலாவதாக சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை கொண்டு வந்தார்.

அன்றைய சேலம் மாவட்டம் ரொம்ப பெரிது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1-ந் தேதிதான்.

சேலத்தை ராஜாஜி தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர் இது. நகராட்சி தலைவராகவும் இருந்தார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, சுற்று வட்டார கிராமங்களில் குடிக்கு எதிராக பிரசாரம் செய்தார். 1929-ல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகையும் நடத்தினார். கூலிப்பணம் எங்கே போகிறது என்பது அவருக்கு தெரியும்.

இதில் பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடையை மூடியதோடு அரசு நிற்கவில்லை. சாயங்காலம் கள்ளுக்கடைக்கு போய் பழகிய ஆள் இனி எங்கே போய் உட்காருவான் என்றும் யோசித்தார்கள். விளையாட்டு, பஜனை, நாடகம் என்று ஊர் ஊராக ஏற்பாடு நடந்தது. மரம் ஏறும் தொழிலாளிகள் கள்ளுக்கு பதில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது.

ஆக, குடிக்க வருகிறவன் மதுவுக்காக மட்டும் வருவதில்லை, நாலு பேரோடு உட்கார்ந்து பேசவும் வருகிறான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஒன்றரை லிட்டர் கணக்கு

பழைய கள்ளுக்கடையில் பெஞ்சு முக்கியம். அதற்கு காரணம் கள்ளிலேயே இருக்கிறது.

பாளையில் இருந்து வடியும் சாறு பானையில் விழுந்த உடனேயே புளிக்க ஆரம்பித்துவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. அதுதான் பதநீர். நம்ம கொங்கு பக்கம் தெளுவு. தடவாமல் விட்டால் கள். அதில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம் இருக்கும்.

இன்று கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம். கணக்கு போட்டால் 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், சுமார் ஒன்றரை லிட்டர் கள்ளில் இருப்பதற்கு சமம்!

ஒன்றரை லிட்டர் கள்ளை ஒரே மடக்கில் யாரும் குடிக்க முடியாது. நேரம் பிடிக்கும். உட்கார வேண்டும். கடிக்க எதாவது வேண்டும். பேச்சு தானாக வரும். குவார்ட்டர் அப்படி இல்லை. தண்ணி பாக்கெட்டை பல்லால் கடித்து ஊற்றி, நின்ற இடத்திலேயே 10 நிமிடத்தில் முடித்துவிடலாம். உட்காரும் இடமே தேவையில்லை என்றால் அந்த இடத்தை நன்றாக வைத்திருக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை.

கள்ளுக்கடை எல்லாம் சொர்க்கம் என்று அர்த்தம் இல்லை. வாரக்கூலி மொத்தமும் அங்கேயே கரைந்த வீடுகள் ஏராளம். கள்ளில் போதை மாத்திரை கலக்கிறார்கள் என்ற புகாரும் உண்டு.

மாறி மாறி வந்த கடைகள்

சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு இடையில் தளர்ந்து, 1948 அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் விலக்கப்பட்டு, 1974-க்குள் மீண்டும் கொண்டு வரப்பட்டது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளு, சாராயக் கடைகள் திறந்தன. 1987 ஜனவரி 1-ந் தேதி முதல் கள்ளுக்கு தடை. அந்த தடை இன்று வரை நீடிக்கிறது. 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லரை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

சேலத்தில் இருந்து கோவை, பாலக்காடு வழியாக எல்லை தாண்டினால் கேரளாவில் கள்ளுக்கடை இன்றும் உண்டு. அங்கே பல கடைகளுக்கு பெயர் வாங்கித் தந்தது கள் அல்ல, கறிதான். மீன் குழம்பு, வாத்துக்கறி, கூடவே வேகவைத்த மரவள்ளி. நம்ம ஊரில் ஜவ்வரிசி ஆலைக்கு போகிற அதே குச்சிக்கிழங்குதான்! சாப்பிடுவதற்காக மட்டுமே குடும்பத்தோடு வருபவர்களும் உண்டு. குடிக்காத ஆளும் தேடி வருகிறான் என்றால் அந்தக் கடையில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

1946-ல் லண்டன் மாலைப் பத்திரிகை 'ஈவ்னிங் ஸ்டாண்டர்டு'-ல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தனக்கு பிடித்த 'பப்' எப்படி இருக்க வேண்டும் என்று 10 தகுதிகளை சொன்னார். நிம்மதியாக பேச முடிய வேண்டும், பரிமாறுகிறவருக்கு வாடிக்கையாளர் பெயர் தெரிய வேண்டும், பிள்ளைகளோடு வர தோட்டம் வேண்டும் என்று போகிறது அந்த பட்டியல். கடைசியில் அப்படி ஒரு கடையே கிடையாது என்று போட்டு உடைத்தார்!

பார் ஏன் இப்படி?

நம்ம ஊர் பாருக்கு வருவோம். டாஸ்மாக் கவுண்ட்டர் அரசு நிறுவனத்துடையது. பக்கத்தில் இருக்கும் பார் தனியாருடையது. தின்பண்டம் விற்கவும், காலி பாட்டிலை எடுத்துக்கொள்ளவும் டெண்டர் எடுத்து நடத்துகிறார்கள். சரக்கில் அவர்களுக்கு லாபம் கிடையாது.

டெண்டருக்கு கட்டிய பணத்தை எங்கே எடுப்பது? தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல், ஆம்லெட் இதில்தான். முட்டைக்கு பேர் போன நாமக்கல்லிலும் பாருக்குள் ஆம்லெட் விலை வேறு!

டீக்கடையில் டீ நன்றாக இல்லை என்றால் எதிர்க்கடைக்கு போகலாம். இங்கே எதிர்க்கடை கிடையாது. 2016, 2017, 2023 என மூன்று முறை தலா 500 டாஸ்மாக் கடைகளை அரசு மூடியது. கடை குறைவது நல்ல விஷயம்தான். ஆனால் மிச்சம் இருக்கிற கடையில் கூட்டம் கூடுகிறது. நாற்றம் அடித்தாலும் ஆள் வருவான் என்று நடத்துபவருக்கு தெரியும். வேறு வழி இல்லாமல் வருகிறவனை வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது.

பார் இல்லாத கடை என்றால் கதையே வேறு. வரப்பு, வாய்க்கால் மேடு, பாலத்தடி எல்லாம் பார்தான். அடுத்த நாள் காட்டில் இறங்குகிற விவசாயி காலில் கண்ணாடி துண்டு ஏறுகிறது. காலி பாட்டிலை திருப்பிக் கொடுத்தால் ரூ.10 தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்ததற்கு இதுபோன்ற பாதிப்புதான் காரணம்.

நல்ல கடைக்கு 5 அடையாளம்

ஒன்று, ஊற்றுவதில் நம்பிக்கை. 2024 ஜூன் மாதம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரை குடித்தது. பலரை சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கி வந்தார்கள். விலை குறைவு என்று போன இடம் அது.

இரண்டு, விலை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ரூ.10 கேட்கிறார்கள் என்பது மாநிலம் முழுக்க கேட்கும் புலம்பல். பத்து ரூபாய்தானே என்று விட்டால் தினமும் போகும் ஆளுக்கு மாதம் ரூ.300.

மூன்று, தண்ணீர், கழிப்பிடம், சாப்பாடு. வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். சூடாக ஒரு தட்டு சாப்பாடு கிடைக்கும் இடத்தில் ஆள் நிதானமாக இருப்பான்.

நான்கு, தெரிந்த முகம். "வாங்கண்ணா, வழக்கம் போலத்தானே?" என்று கேட்பவர் மட்டும் போதாது. "போதும்ணா, வீட்டுக்கு கிளம்புங்க" என்று சொல்பவரும் வேண்டும். வீட்டில் இருந்து போன் வந்தால், "இப்பத்தான் கிளம்பினாருங்க" என்று பொய் இல்லாமல் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் அந்த வீட்டு அம்மாவுக்கு பாதி பயம் குறையும்.

ஐந்து, திரும்பும் வழி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறை ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். லாரி டிரைவர்கள் நிறைந்த சேலம், நாமக்கல்லில் லைசென்ஸ்தான் சோறு. நடந்து வீடு போகிற தூரத்தில் இருப்பது, அல்லது வண்டி சாவியை வாங்கி வைக்க ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம்.

இந்த ஐந்தும் சேர்ந்த பாரை சேலத்தில் தேடினால் ஆர்வெல் சொன்ன பதில்தான் கிடைக்கும்.

டீக்கடை ஜெயித்த கதை

ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாம் ஏற்கனவே இருக்கிற கடை ஒன்று ஊருக்கு ஊர் உண்டு. டீக்கடை! பெஞ்சு இருக்கிறது. பேப்பர் இருக்கிறது. தெரிந்த முகம் இருக்கிறது. அவசரத்துக்கு கணக்கு நோட்டு இருக்கிறது. சாயங்காலம் ஆனால் பக்கத்திலேயே தட்டுவடை செட் கிடைக்கும். எதிரே இன்னொரு கடை இருப்பதால் டீயும் நன்றாக இருக்கும். வீட்டுக்கு போனால் வாசம் பார்க்க மாட்டார்கள்.

1939-ல் கள்ளு வருமானம் போனதை ஈடுகட்ட ராஜாஜி விற்பனை வரியை கொண்டு வந்தார். இன்று நிலைமை தலைகீழ். 2023-24-ம் ஆண்டில் மது மூலம் தமிழக அரசுக்கு கிடைத்த வருமானம் ரூ.45 ஆயிரம் கோடிக்கும் மேல். அதில் ஒரு சிறு பங்கை ஊருக்கு ஒரு நல்ல உட்காரும் இடம், விளையாட்டு திடல், படிப்பகம் என்று செலவழித்தால் சாயங்காலம் 6 மணிக்கு கால்கள் வேறு பக்கமும் திரும்பும். 1937-ல் இதே மாவட்டத்தில் செய்து பார்த்த வேலைதான்.

குடியை விட நினைப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.