பங்குனிக் கண்மாயில் கரைத் தூண்டில்



ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய், அறுவடை முடியும் வரை வயலுக்குத் தண்ணி கொடுத்துவிட்டு, பங்குனியில் பாதியாக இறங்கி நிற்கும். தண்ணி இறங்க இறங்க, மீனெல்லாம் மிச்சமுள்ள தண்ணிக்குள் நெருங்கி வந்துவிடும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் நன்றாக வற்றியதும் ஊரே கூடி ஊத்தாவும் கச்சாவுமாக இறங்குகிற மீன்பிடித் திருவிழா நடக்கும். அதற்கு முந்தைய நாட்கள்தான் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட ஏற்ற காலம். பொடிப்பசங்க விளையாட்டு என்று நாம் இதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆடு மேயும் நேரத்தில் ஒரு வேளைக் குழம்புக்கு மீன் கிடைத்தால் யாருக்கு நஷ்டம்?

சாமான் அதிகம் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கம்பு, ஏறக்குறைய அதே நீளத்துக்குத் தங்கூசி நரம்பு, ஒரு தூண்டில் முள், தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு. கடையில் முள் வாங்கும்போது சின்னதாகக் கேளுங்கள். ஜிலேபி மீனுக்கு வாய் சின்னது. பெரிய முள்ளாக இருந்தால் இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போயிடும். இரைக்குக் குழாயடி ஈரத்தில் தோண்டிய மண்புழு போதும். புழுவைத் தொட அருவருப்பாக இருந்தால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, மிளகளவு உருட்டிச் செருகலாம்.

வெயில் ஏறும் முன்னும், சாயங்காலமும் மீன் கரைக்கு வரும். உச்சி வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும். நம்ம நிழல் தண்ணியில் விழாதபடி உட்காரணும். நிழல் அசைந்தாலே மீன் விலகிவிடும். பாசியின் ஓரம், மடைப் பக்கம், தண்ணிக்குள் சாய்ந்து கிடக்கும் கருவேல மரத்தடி இவையெல்லாம் நல்ல இடம்.

கரையோரம் ஆழமில்லாத தண்ணியில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் தெரிகிறதா? அது ஆண் ஜிலேபி தோண்டிய கூடு. பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிந்து நீந்தும் வரை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது சரியாக இரை எடுக்காது. குழியைக் காத்து நிற்கிற ஆண்தான் தூண்டிலில் அதிகம் மாட்டும். குழியை ஒட்டி இரையை இறக்கினால், தன் இடத்துக்கு யாரோ வந்துவிட்டதாக நினைத்துப் பாய்ந்து கடிக்கும்.

ஜிலேபியைத் தாராளமாகப் பிடிக்கலாம். அது நம்ம ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த இனம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அடிக்கடி குஞ்சு பொரித்துப் பெருகும். பெருகியபின் இரை பத்தாமல் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். சின்னதாக இருக்கிறதே என்று திரும்ப விட வேண்டாம். பிடிக்கப் பிடிக்க மிச்சமுள்ளது பெருக்கும்.

விரால் விஷயம் அப்படியில்லை. விரால் காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும் மீன். சின்னத் தவளையோ, உயிர் மீன்குஞ்சோ இரையாகப் போட்டால் பாய்ந்து விழுங்கும். சந்தையில் நல்ல விலை. ஆனால், தண்ணிக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரு கூட்டமாகப் புரண்டு வருவதைப் பார்த்தால் அங்கே தூண்டிலை இறக்காதீர்கள். அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். குஞ்சுப் பக்கம் எது வந்தாலும் சீறும். பசிக்காகக் கடிப்பதில்லை, பிள்ளைகளைக் காக்கத்தான் கடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் இதைச் சாக்காக வைத்தே எளிதில் பிடித்துவிடுகிறார்கள். பெரியதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கும் பறவைக்கும் இரைதான். ஒரு நாள் குழம்புக்காக ஒரு கூட்டமே போகும். மழைக்காலத்தில்தான் இந்தக் குஞ்சுக் கூட்டம் அதிகம். ஆனாலும் கோடை மழைக்குப் பிறகும் பார்க்கலாம். விரால் ஜிலேபிக் குஞ்சைத் தின்று குறைக்கிற மீன் என்பதையும் மறக்கக் கூடாது. விரால் இல்லாத கண்மாயில் பொடி ஜிலேபிதான் மிஞ்சும்.

தூண்டிலை எடுக்கும் முன் குத்தகையைக் கேளுங்கள். பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விட்டிருப்பார்கள். காசு கட்டிக் குஞ்சு விட்டவர் கேள்வி கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு கம்பு, ஒரு முள்ளோடு குழம்புக்கு நாலு மீன் பிடிக்கிற பொம்பளையை விரட்டுவது வேறு விஷயம். இதைக் கரையில் நின்று சண்டை போட்டுத் தீர்க்க முடியாது. 'கரையிலிருந்து கைத்தூண்டிலில் வீட்டுத் தேவைக்குப் பிடிக்கத் தடையில்லை' என்று ஏல நிபந்தனையிலேயே எழுதச் சொல்லலாம். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய் ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியது நீர்வளத்துறை. உங்கள் கண்மாய் எதில் வருகிறது, ஏலம் எப்போது என்று ஊராட்சியில் விசாரித்து வையுங்கள். மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தை ஒட்டியும் கிராம சபை நடத்துவது வழக்கம். குழுவில் தீர்மானம் போட்டு, எழுத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணிக்குள் கண்ணுக்குத் தெரியாது. முள் எதிலாவது சிக்கினால் நரம்பை அறுத்துவிடுங்கள், எடுக்க இறங்காதீர்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே வேண்டாம். தேளியும் கெளுத்தியும் மாட்டினால் துணி போட்டுப் பிடிக்கணும்; தேளி முள் குத்தினால் கடுகடுவென்று கடுக்கும். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். வீக்கம் ஏறினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், தண்ணிக்குள் மூச்சுக்காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத் தூண்டில் கடிக்காது. செத்து மிதக்கும் மீனைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

வற்றிய தண்ணி மீனில் மண்வாடை அடிக்கும். செதில் சுரண்டி, குடல் எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் உரித்துவிடுங்கள். கல்லுப்பு போட்டுத் தேய்த்து அலசி, புளித்தண்ணியில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் வாடை குறையும். பொடி ஜிலேபிக்கு முள் அதிகம். அதைக் குழம்பில் போடாமல் மிளகாய்த்தூள் தடவி, நன்றாக முறுகப் பொரித்துவிடுங்கள்.