வழிநூலும் ரசிகர் புனைவும்: கதைக்கு வகைப்பெயர் இடும் முறை

ஒருவர் படைத்த கதையின் மாந்தரையும் களத்தையும் எடுத்துக்கொண்டு, அக்கதையில் தோய்ந்த வாசகர் தாமே புதிதாக எழுதும் கதையை ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்பர். நாம் அதனை ‘ரசிகர் புனைவு’ என்போம். ஜெலாப்பாங் வட்டார மாணவருள்ளும் இத்தகைய கதைகளைக் கைப்பேசியில் படிப்போரும் எழுதுவோரும் உளர். இக்கதைகளின் தலைப்பின்கீழ் ஒரு சொல்வரிசை காணப்படும். கதை எவ்வகையினது என்பதை அவ்வரிசை அறிவிக்கும். அச்சொற்களை யார் ஆக்குகின்றனர், அவை எப்பணியைச் செய்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

இவ்வகைப்பெயர்களை நான்காகப் பகுத்துக் காணலாம். முதலாவது அளவு பற்றியது. சரியாக 100 சொற்களில் அமையும் கதைக்கு ‘டிராபிள்’ என்று பெயர். இரண்டாவது மூலக்கதையோடு உள்ள தொடர்பு பற்றியது. மூலத்தின் நிகழ்ச்சிகளை ஏற்றுக்கொண்டு தொடர்வது ஒருவகை. அம்மாந்தரையே வேறு காலத்திலோ வேறு உலகிலோ நிறுத்துவது மற்றொரு வகை. மூன்றாவது மாந்தரின் உறவு பற்றியது. 1970களில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ரசிகர்கள் கிர்க், ஸ்போக் என்னும் இரு ஆண் பாத்திரங்களிடையே காதலைக் கற்பித்து எழுதியபோது, இரு பெயர்களுக்கும் நடுவே ஒரு சாய்கோடு இட்டனர். அக்கோட்டின் ஆங்கிலப் பெயராகிய ‘ஸ்லாஷ்’ என்பதே அக்கதைவகையின் பெயராயிற்று. ஒரு குறியீடு பெயர்ச்சொல்லாக வளர்ந்தமைக்கு இது நல்ல சான்று. நான்காவது வாசகரைக் காப்பது. எவ்வயதினர்க்கு உரியது, கொடிய வன்முறை உண்டா, முதன்மை மாந்தர் இறப்பாரா என்பவற்றை இது முன்னரே கூறிவிடும்.

நூலகர் செய்யும் வகைப்பாடு நூலை எவ்வடுக்கில் வைப்பது என்னும் வினாவுக்கு விடை கூறுவது. ரசிகர் புனைவின் வகைப்பெயரோ, இக்கதையுள் நுழைந்தால் எதனைச் சந்திப்போம் என்னும் வாசகரின் வினாவுக்கு விடை கூறுவது. ஆதலால் அதனை வருணனை என்பதைவிட வாக்குறுதி என்பதே பொருந்தும். 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் ரசிகர் புனைவுக் காப்பகத்தில், எச்சரிக்கை எதுவும் கூற விரும்பவில்லை என்று அறிவிக்கவும் எழுத்தாளருக்கு இடம் உண்டு. கூறாமையும் அங்கே வெளிப்படையாகக் கூறப்படுகிறது. அதன்பின் படிப்பதும் விடுப்பதும் வாசகரின் பொறுப்பாகும்.

அக்காப்பகத்தில் எழுத்தாளர் தாம் விரும்பிய சொல்லையே வகைப்பெயராக எழுதலாம். அவ்வாறாயின் ஒரே கருத்துக்குப் பல சொற்கள் பெருகும். இருவேறு கதைகளின் மாந்தர் ஒரே பெயரால் மயங்குவர். தன்னார்வலர் பலர் இச்சொற்களை ஒழுங்குபடுத்துகின்றனர். ஒருபொருள் குறித்த பல சொற்களை ஒரு பொதுவடிவின்கீழ் இணைக்கின்றனர். ஒரு சொல் பலவற்றைக் குறிக்குமிடத்துப் பிரித்துக் காட்டுகின்றனர். ஆயினும் எழுத்தாளர் எழுதிய சொல்லை அழிப்பதில்லை. இதனை அறியும் தமிழ் மாணவர்க்கு நிகண்டு நினைவுக்கு வரவேண்டும். ஒருபொருட்குரிய பல பெயர்களைத் தொகுத்ததோடு, ஒருசொற்குரிய பல பொருள்களுக்கெனத் தனித்தொகுதியும் அமைத்த திவாகரம் செய்ததும் இப்பணியே.

மூலத்தோடு உள்ள தொடர்பால் நூலை வகைப்படுத்துவதும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாகக் கூறும். முன்னோர் முடிபோடு ஒத்து, தாம் வேண்டும் வேறுபாட்டையும் உடையது வழிநூல். சிறுபான்மை ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல். இப்பாகுபாட்டைக் காப்பியத்துக்கும் பொருத்திக் காண்பது நம் மரபு. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்தார். அதனை எவரும் பிழை என்பதில்லை. வழிநூலாசிரியர்க்கு வேறுபடும் உரிமை உண்டு என்பதை அவ்வகைப்பெயரே முன்னரே வழங்கிவிட்டது.

இக்கால இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943இல் வெளிவந்தது. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இக்கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம் என்னும் கருத்தில் ஆசிரியர் ஒரு குறிப்பைக் கதையின் தலையில் வைத்தார். மூலத்திலிருந்து விலகுகிறேன் என்னும் அறிவிப்பும், வாசகர்க்குரிய எச்சரிக்கையும் அவ்வொரு குறிப்பில் அடங்கியுள்ளன.

இவை வகுப்பறைக்கு எவ்வாறு பயன்படும்? கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை அது ஐயத்துக்கு இடமாகவே விட்டது. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அக்கதையைத் தொடர்ந்தார். இன்று ஒரு மாணவி நந்தினியை நாயகியாக்கி ஒரு கதை எழுதித் தருவதாகக் கொள்வோம். வகைப்பெயர் இல்லையாயின் ஆசிரியர் அதனை மூலத்துக்கு முரணானது என்று அடித்துவிடலாம். பிறர் கதையைப் படியெடுத்தது என்றும் கருதலாம். மூலத்தினின்று விலகியது என்னும் ஒரு குறிப்பு முகப்பில் இருப்பின், அளவுகோல் மாறுகிறது. விலகியமைக்குக் காரணம் கதையுள் உண்டா, நந்தினியின் பேச்சும் செயலும் தம்முள் ஒத்துள்ளனவா என்று ஆசிரியர் பார்ப்பார். ஓர் இளம் எழுத்தாளர் ஊக்கம் பெறுவதும் எழுதுவதையே கைவிடுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

மாணவர் இக்குறிப்புகளைத் தமிழிலேயே எழுதப் பழக வேண்டும். மூலத்தைத் தொடர்வது, மூலத்தின் இடைவெளியை நிரப்புவது, மூலத்தினின்று விலகுவது, மாற்றுலகக் கதை, நூறுசொற்கதை என்பன தொடக்கத்துக்குப் போதும். இவற்றைக் குழு அமைத்து ஆணையால் நிலைநாட்ட இயலாது. இலக்கண நூலார் வகுத்த பெயராயினும் ரசிகர் வழங்கிய பெயராயினும், பயில்வோர் ஏற்றபின்னரே அது வழக்காகிறது. 1950இல் ‘தமிழ் நேசன்’ நடத்திய கதை வகுப்பு இந்நாட்டு வாசகர் பலரை எழுத்தாளராக்க முனைந்தது. அம்முயற்சியின் வழிவந்தோர் நாம். மாணவர் கதையின் முகப்பில் தாமே இரண்டு வகைப்பெயர்களை எழுதட்டும். உடன் பயில்வோர் படித்தபின் அவ்வாக்குறுதி காக்கப்பட்டதா என்று கூறட்டும். பொருந்தாத பெயர் தானே உதிரும். பொருந்திய பெயர் அடுத்த கதையிலும் வழங்கும்.