இருபத்தோரு இலக்க எண்ணின் கதை

2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள் என்பதை நாம் அறிவோம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் அவை மீதியின்றி வகுபடா. ஆனால் 14,75,73,95,25,89,67,64,12,927 பகா எண்ணா என்று கேட்டால் என் செய்வோம்?

அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிட்டும். மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644-இல் இதனைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் லூகாஸ் என்னும் அறிஞர் இது பகா எண் அன்று என நிறுவினார். எனினும் காரணிகளை அவர் கண்டாரில்லை. பூட்டு திறக்கும் என்று தெரிந்தது; சாவிதான் கிடைக்கவில்லை!

1903-இல் நியூயார்க்கில் கூடிய கணித அறிஞர்கள் முன், கோல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கிக் காட்டினார். விடை அவ்வெண்ணே! இதற்காக அவர் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார் என்பர்.

நாமும் சோதிப்போமா? இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் முதற்காரணி 37, 10, 1 என ஆகும். இரண்டாவது 64, 10, 1. பெருக்கற்பலன் 109, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்றே, பொருந்துகிறது! ஆனால் இது முழு நிரூபணம் அன்று. தாளும் பென்சிலும் எடுத்து முழுவதும் பெருக்கினால்தான் உறுதியாகும்.

பெருக்குவது நமக்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை. காரணிகளைத் தேடியதோ ஆண்டுகளின் உழைப்பு. இன்று கணிப்பொறி அவற்றை நொடியில் கண்டுவிடும். ஆயினும் பெரியோர் சொல்லையும் பணிவுடன் சோதித்தறியும் பொறுமையை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும்.