படத்தை வெட்டவும் சேர்க்கவும் சிறு நிரல்கள்

படம் ஒன்றைத் துண்டுகளாக்குவதும் துண்டுகளை மீண்டும் ஒரே படமாக்குவதும் கட்டளைவரி நிரல்களுக்கு எளிய வேலை. இவற்றில் பொத்தான்களோ பட்டியல்களோ இல்லை. எந்தக் கோப்பு, என்ன அளவு, எங்கே சேமிப்பது என்று ஒரு வரி தட்டச்சு செய்தால் போதும். ஒரு படத்துக்கு எழுதிய வரியே சிறு மாற்றத்துடன் ஆயிரம் படங்களுக்கும் பயன்படும்.

ஜெஃப் போஸ்கான்சர் 1980களின் இறுதியில் உருவாக்கிய பிபிஎம்பிளஸ் தொகுப்பு இவற்றுக்கு முன்னோடி. அதன் வழிவந்த நெட்பிபிஎம்மில் ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு வேலையைச் செய்யும். 'பாம்டைஸ்' படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டும். 'பாம்அன்டைஸ்' அவற்றைப் பழையபடி சேர்க்கும். ஜான் கிறிஸ்டி எழுதி 1990இல் வெளியான இமேஜ்மேஜிக் வெட்டுதல், ஒட்டுதல், வடிவம் மாற்றுதல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் தருகிறது. இரண்டுமே கட்டணமின்றிக் கிடைப்பவை.

தமிழில் இத்தகைய வேலைக்குப் பெரிய களம், நூல்களை இணையத்தில் எழுத்துவடிவில் தரும் விக்கிமூலம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை போன்றோரின் நாட்டுடைமையான நூல்களை அங்கே எழுத்துவடிவில் தர வேண்டுமானால், முதலில் நூலை ஸ்கேன் செய்ய வேண்டும். விரித்த நூலை அப்படியே ஸ்கேன் செய்தால் ஒரு படத்தில் இரண்டு பக்கங்கள் விழும். படத்திலுள்ள எழுத்துகளை வாசிக்கும் எழுத்துணரி நிரல் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒரே வரியாகப் படித்துக் குழப்பிவிடலாம். ஆகவே நடுமடிப்பில் வெட்டிவிடுவது நல்லது. த. சீனிவாசன் பைத்தானில் எழுதிய 'ஓசிஆர்4விக்கிசோர்ஸ்' இந்தத் தொடர்வேலையைத் தானியக்கமாக்கியது. அது மின்னூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, கிடைத்த எழுத்துகளை விக்கிமூலத்தின் உரிய பக்கங்களில் ஏற்றுகிறது. பிழை திருத்துவது தன்னார்வலர்களின் பணி.

துண்டுகள் சரியாகச் சேர வேண்டுமென்றால் வரிசை கெடக்கூடாது. கோப்புகளுக்கு 1, 2, 10 என்று பெயரிட்டால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் கணினி 1, 10, 2 என்று எடுக்கும். 001, 002, 010 என்று பூச்சியம் சேர்த்து எழுதினால் இந்தச் சிக்கல் வராது. பாம்டைஸ் ஒவ்வொரு துண்டின் பெயரிலும் அது எந்தக் கிடைவரிசை, எந்த நெடுவரிசை என்பதை எண்களாகச் சேர்த்துவிடுகிறது. இமேஜ்மேஜிக்கோ, சில கோப்பு வகைகளில் மூலப்படத்தில் துண்டு இருந்த இடத்தையும் கோப்புக்குள்ளேயே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பு தேவையில்லையென்றால் 'ரீபேஜ்' கட்டளையால் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் துண்டைச் சுற்றி வெற்றிடம் காட்டும்.

கோப்பு வகையும் முக்கியம். ஜேபெக் படத்தைத் திறந்து, வெட்டி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். 'ஜேபெக்டிரான்' நிரல் படத்தை மறுபடி சுருக்காமலே வெட்டும். ஆனால் வெட்டின் இடது, மேல் விளிம்புகள் 8 அல்லது 16 பிக்சல் கட்டங்களின் எல்லையில்தான் அமையும். எந்த இடத்திலும் வெட்ட வேண்டுமானால் பிஎன்ஜி அல்லது டிஃப் ஏற்றது. ஆனால் இடம் அதிகம் தேவை. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்த ஏ4 வண்ணப்பக்கம் 2480 × 3508 பிக்சல்; சுருக்காமல் வைத்தால் சுமார் 26 மெகாபைட்.

சேர்த்த படம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. இமேஜ்மேஜிக்கின் 'கம்பேர்' நிரல் இரண்டிலும் வேறுபடும் பிக்சல்களை எண்ணிச் சொல்லும். விடை 0 என்று வந்தால் சேர்க்கை சரி.