மூத்த ஊழியருக்கு கம்ப்யூட்டர் வரலையா? அனுப்புறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!



கடையை பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாத்துறீங்க. 20 வருஷமா பேரேடு எழுதுற கணக்குப்பிள்ளை அண்ணன் மவுஸைத் தொடவே தயங்குறார். "சின்னப் பையனை வெச்சுக்கலாமா?"ன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

10 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்கு கிராஜுவிட்டி கட்டாயம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய்னா, 26,000 × 15 ÷ 26 = 15,000. 20 வருஷத்துக்கு 3 லட்சம்! எப்படியும் அவருக்குச் சேர வேண்டிய பணம்தான். ஆனா இப்போ அனுப்பினா 30 நாளுக்குள்ள மொத்தமா கொடுக்கணும். அதைவிட, எந்தப் பார்ட்டி இழுத்தடிப்பார், யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாதுங்கிறது அவர் தலையிலதான் இருக்கு. அது எந்த சாஃப்ட்வேர்லயும் கிடைக்காது.

சரி, எப்படிப் பழக்கலாம்?

1. மாதாமாதம் தாக்கல் செய்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ம் தேதி, 3பி 20-ம் தேதி. அந்த நெருக்கடியில வேண்டாம். 20-க்கு அப்புறம் ஆரம்பிங்க.

2. முதல் மாசம் விற்பனை பில் மட்டும். நோட்டும் கூடவே ஓடட்டும். சாயங்காலம் ரெண்டையும் ஒப்பிடுங்க. தப்பை முதல்ல பிடிக்கிறது பெரும்பாலும் அவராத்தான் இருப்பார்!

3. கஸ்டமர் முன்னாடி சொல்லிக்கொடுக்காதீங்க. கடை மூடின பிறகு அரை மணி நேரம் போதும். கூட உட்கார்ற பையனிடம், "நீ அண்ணன்கிட்ட கணக்கு கத்துக்கோ"ன்னு சொல்லுங்க. கொடுக்கல் வாங்கல் ஆகிடும்; கௌரவமும் போகாது.

4. பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்லை. முதல் நாளே இதைச் சொல்லிடுங்க.

உங்க கடையில அனுபவம் எப்படி? கமெண்ட்ல சொல்லுங்க.