முதல் சொல் யாருடையது?

விளையாட்டு மைதானத்தில் திறமை மட்டுந்தான் பேசும் என்கிறோம். இது ஒரு புனைவு. எது ஆணுடல், எது பெண்ணுடல் என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் ஆட்டமே தொடங்குகிறது. கே.கே. நகரில் எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் 'பொம்பள மாதிரி எறியாதடா' என்று கத்துவது பந்தைப் பற்றி மட்டுமா? ஆண்மைக்கான எல்லைக்கோட்டையும் சேர்த்தே கிழிக்கிறார்கள்.

இந்தக் கோட்டை அழித்துப் பார்க்கிற ஒரு பிரதி, ஆலிஸ் ஓஸ்மன் 2016இல் இணையத்தில் வெளியிடத் தொடங்கிய 'ஹார்ட்ஸ்டாப்பர்' சித்திரக்கதை. இங்கிலாந்துப் பள்ளியொன்றில் ரக்பி ஆடுபவன் நிக். வேகமாக ஓடுகிறானே என்று சார்லியைத் தன் அணிக்கு அழைக்கிறான். பிறகு அவனையே காதலிக்கிறான். சார்லி தன்பால் ஈர்ப்பாளன் என்பது அவன் விரும்பாமலேயே பள்ளி முழுக்கப் பரவி, அதற்காக வதைபட்டவன். நிக்குக்கோ நேரம் கிடைக்கிறது. பெண்களையும் பிடிக்கிறதே என்று குழம்புகிறான், இணையத்தில் தேடுகிறான், கடைசியில் அம்மாவிடம் தன் வாயாலேயே சொல்கிறான்.

தன்னை ஏற்றல் என்பதைத் தனிமனித மனத்திடமாகவே பேசிப் பழகிவிட்டோம். இந்த இரண்டு பையன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொன்று புலப்படுகிறது: நம்மைப் பற்றிய முதல் சொல்லை யார் சொல்வது என்கிற அதிகாரப் பிரச்சினை. சித்திரக்கதை வடிவம் இதற்குத் தோதானது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெள்ளை இடம் உண்டு. அங்கே யாரும் பேசுவதில்லை. பாத்திரத்துக்கு அது அவகாசம்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைங்க, நமக்கெதுக்கு?' என்றார் ஒரு நண்பர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை மறந்தால்தான் இப்படிக் கேட்க முடியும். தலித் குடும்பம், பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பாலீர்ப்பு வேறு, உடலின் பாற்கூறு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. சாந்தி தன்னைப் பெண்ணென்றே அறிந்தவர். ஆனால் அவர் உடலைப் பற்றிய முதல் சொல்லை ஆய்வகமும் செய்தி ஊடகங்களும் சொல்லி முடித்துவிட்டன. எங்கள் நகருக்குப் பெயர் தந்த கலைஞர் கருணாநிதி அப்போது முதல்வர். 15 லட்சம் ரூபாய் பரிசளித்தார். பணத்தைத் தர முடிந்தது. பறிபோன சொல்லை யாரால் தர முடியும்? 2007இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பின்னாளில் பயிற்சியாளரானார்.

ஒடிசாவின் ஓட்டக்காரர் டூட்டி சந்த் இரண்டு பக்கத்தையும் கண்டவர். 2014இல் ஹார்மோன் அளவைச் சொல்லி விலக்கினார்கள். விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்காடி 2015இல் திரும்பினார். தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதைத் தானே அறிவித்தார். வீட்டுக்குள்ளிருந்து வந்த நெருக்குதலால்தான் சொன்னேன் என்றும் கூறினார். ஆக, தன் வாயால் சொன்னாலும் நேரத்தைத் தேர்ந்தவர் அவரல்ல.

2025 செப்டம்பரில் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஆய்வகமே மறுபடியும் முதலில் பேசுகிறது. சொல்ல உரிமை வேண்டும் என்கிறோம், சரி. சொல்லாதிருக்கவும், ஆறஅமர யோசிக்கவும் உரிமை வேண்டாமா? சித்திரக்கதை விட்டுவைத்த அந்த வெள்ளை இடம் நம் மைதானங்களில் இல்லை.