வனத்து அந்தோணியாரும் விலங்கு மந்திரிப்பும்

குதிரை, கழுதை, மாடு முதலியவற்றைக் கோயில் வாயிலுக்குக் கொணர்ந்து, குரு வேண்டல் கூறித் தீர்த்தம் தெளிக்கும் வழக்கம் கத்தோலிக்க திருச்சபையில் உண்டு. இதனைத் தமிழ்க் கத்தோலிக்கர் மந்திரித்தல் என்பர். ஐரோப்பாவில் இச்சடங்கிற்குரிய பழைய நாள் சனவரி 17. எகிப்து நாட்டுத் துறவி அந்தோணியாரின் திருநாள் அது. 1231இல் மறைந்த பதுவை அந்தோணியார் வேறு. இவரை நம் நாட்டார் வனத்து அந்தோணியார் என வழங்குவர்.

பாலையில் தனித்துறைந்த ஒருவர் கால்நடைகட்குக் காவலரானது எங்ஙனம்? காட்டில் வாழ்ந்தமையால் என்று எளிதில் விடை கூறுவர். அது பொருந்துமாறில்லை. 356இல் அவர் மறைந்தபின் அத்தனாசியார் இயற்றிய வரலாற்றில் விலங்குகள் பெரிதும் அவர்தம் பயிரை அழிப்பனவாகவோ, பேய்கள் அச்சுறுத்தக் கொண்ட உருவங்களாகவோ வருகின்றனவேயன்றி, வளர்ப்பு விலங்குகளாக வருகின்றில.

விடையைப் பிரான்சு நாட்டில் தேடல் வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்தோணியாரின் திருப்பண்டங்கள் வைக்கப்பெற்றிருந்த ஓர் ஊரில், அவர் பெயரால் மருத்துவத் தொண்டர் குழு ஒன்று தோன்றிற்று. ரை என்னும் கூலத்திற் பற்றும் பூசணத்தால் கைகால் எரிந்து கருகும் கொடுநோய் அக்காலத்து மிகுதி; 'அந்தோணியார் நெருப்பு' என்றே அதற்குப் பெயர். அந்நோயாளரைப் பேணிய இக்குழுவினர் பன்றி வளர்த்தனர். கழுத்தில் மணி பூண்ட அப்பன்றிகள் நகரத் தெருக்களில் தடையின்றித் திரிய உரிமை பெற்றிருந்தன. அவற்றின் கொழுப்பு மருந்திற்கும் பயன்பட்டது. ஓவியர் துறவியின் காலடியில் பன்றியையும், கையில் மணியையும் தீட்டலாயினர். கோயில்தோறும் அவ்வோவியத்தைக் கண்ட உழவரும் வண்டியோட்டிகளும் அவரைத் தம் விலங்குகட்கும் காவலராகக் கொண்டனர் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நூலினின்றன்று, ஓவியத்தினின்று பிறந்த வழக்கு இது என்க.

உரோமையில் 1787ஆம் ஆண்டுச் சனவரியில் இதனை நேரிற் கண்ட செருமானியக் கவிஞர் கதே, நாடாவால் ஒப்பனை செய்யப்பெற்ற குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும், உரியோர் அனுப்பிய மெழுகுதிரிகளையும் குறித்துள்ளார். மாட்டுப் பொங்கலை அடுத்து இந்நாள் வருதல் கண்டு ஒன்றினின்று மற்றொன்று தோன்றியதெனல் தவறு. இரண்டும் தனித்தனி வேருடையன.

பழைய உரோமைச் சடங்குநூலின் வேண்டல், அந்தோணியாரின் பரிந்துரையால் விலங்குகள் உடல்நலம் பெறவும் தீங்கினின்று நீங்கவும் இரக்கிறது. 1984இல் வெளிவந்த ஆசியுரை நூலோ சடங்கை அவர் ஒருவரோடு பிணிக்கவில்லை. புனிதர் எவர் திருநாளிலும் நிகழ்த்தலாம். இன்று பல நாடுகளில் அசிசி பிரான்சிசுவின் நாளாகிய அக்டோபர் 4ஐ ஒட்டியும் மந்திரிப்பு நடைபெறுகிறது. ஆங்குப் பெரிதும் வருவன உழவுமாடுகளும் சுமைக்குதிரைகளும் அல்ல. மடியில் ஏந்திய நாயும் பூனையுமே.